மிதிவண்டியை மின்வண்டியாக்கல்

சாதாரண மிதிவண்டியில் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் பொருத்தி ஓட்டும் முறை. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் அமைந்த ‘ஹப் மோட்டார்’ வகையே வீட்டிலேயே பொருத்த ஏற்றது. பழைய சக்கரத்தைக் கழற்றி இதை மாட்டலாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் அயனி பேட்டரி 360 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். பொதுவாக 42 வோல்ட் வரை சார்ஜ் ஏறும். அதற்குப் பொருந்தாத சார்ஜர் தீப்பிடிக்க வைக்கக்கூடும்.

மோட்டாரின் முறுக்குவிசை, அச்சையே திருப்பிச் சக்கரத்தைக் கழற்றிவிடக்கூடும். அதைத் தடுக்கும் ‘டார்க் ஆர்ம்’ பட்டையை மலிவு வண்டியில் ஒருபோதும் தவிர்க்கக்கூடாது. அதைவிட முக்கியம் பிரேக்; முதல் செலவு அதற்கே ஆகவேண்டும்.

இந்தியாவில், மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருப்பதாக அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு சான்றளித்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது.