கார் வரக் காத்திருந்த காலம்

தமிழில் ‘கார்’ என்னும் சொல்லுக்குக் கருமை என்றும், கருமுகில் என்றும், மழைக்காலம் என்றும் பொருள்கள் உண்டு. முல்லைத்திணைத் தலைவி கார்காலத்தின் வரவை நோக்கி ஆற்றியிருப்பாள். கார் தொடங்கும்போது திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனின் தேரொலிக்குச் செவி சாய்த்திருப்பாள். ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வழக்கில் கலந்துவிட்ட கார் வேறு. அதற்கு மகிழுந்து, சீருந்து என்றெல்லாம் அறிஞர்கள் பெயர் சூட்டினர். பெயர் எதுவாயினும், இந்தியாவில் ஒரு தலைமுறை இந்தக் காருக்காகவும் முல்லைத் தலைவியைப் போலவே காத்திருந்தது. தலைநகர் தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அந்தக் காத்திருப்பில் பங்கு கொண்டவையே. அவற்றுள் பலவற்றுக்கு முதல் கார், பிறர் ஓட்டித் தேய்த்த பழைய காராகவே வாய்த்தது. அது ஏன் என்பதையும், அந்தப் பழைய கார் எங்களுக்கு என்ன தந்தது என்பதையும் இங்கே எழுத விழைகிறோம்.

விடுதலைக்கு முன்பு ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பாகங்களைக் கப்பலில் கொணர்ந்து, இங்கே பூட்டி விற்று வந்தன. பாகங்களையும் இந்நாட்டிலேயே படிப்படியாக உருவாக்க முன்வருவோருக்கே இனி இடமுண்டு என்று 1953ஆம் ஆண்டில் மைய அரசு முடிவு செய்தது. அடுத்த ஆண்டே அவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. அதன்பின் பொதுமக்கள் வாங்கும் கார்களை உருவாக்கும் நிறுவனங்களாக மூன்று நிலைத்தன. 1942இல் பிர்லா குடும்பத்தார் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடரை உருவாக்கியது. 1944இல் வால்சந்து ஹீராசந்து தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய்க் குர்லாவில் ஃபியட்டை உருவாக்கியது. மூன்றாவது நம்முடையது. 1948இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் தன் ஆலையை அமைத்தது.

எத்தனை கார்கள் உருவாகலாம் என்பதை அன்று வாங்குவோரின் விருப்பம் முடிவு செய்யவில்லை; அரசின் உரிமங்களே முடிவு செய்தன. அதற்குக் காரணமும் இருந்தது. அன்னியச் செலாவணி அரிதாயிருந்த காலம் அது. பேருந்துக்கும் சரக்குந்துக்கும் முதலிடம், காருக்குக் கடையிடம் என்பது கொள்கையாக இருந்தது. 1970களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 50,000 கார்கள்கூட உருவாகவில்லை. 1959ஆம் ஆண்டின் ஓர் ஆணை கார்களின் பங்கீட்டை முறைப்படுத்தியது. 1969இல் மூன்று கார்களின் விலையும் ஆணையிட்டுக் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வழக்கு 1971இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விலை கட்டுக்குள் இருந்தது. பொருள்தான் கைக்கு எட்டவில்லை. ஃபியட்டுக்குப் பதிவு செய்தவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். மகள் பிறந்தபோது பதிவு செய்தால் அவள் பள்ளிக்குச் செல்லும்போது கார் வரும் என்று அலுவலகத் தேநீர் வேளையில் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஓடிப் பழகிய ஃபியட் ஒன்று, புதியதன் கட்டுப்பாட்டு விலையைக் காட்டிலும் மிகுதியான விலைக்குக் கைமாறிய விந்தையும் அன்று நடந்தது.

இந்நிலையில் 1976ஆம் ஆண்டு நாங்கள் கார் வாங்கினோம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் பெட்ரோல் விலை பெருமளவு ஏறியிருந்தது. காரை வைத்துக் கட்டுப்படியாகாமல் விற்க முன்வந்தோர் சிலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரிடமிருந்து, பத்தாண்டு ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று 9,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது. பாதித் தொகை அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன். மீதி, தங்கையின் திருமணத்துக்குப் பின் எஞ்சிய சேமிப்பு. வெளிர்நீல வண்ணம் வெயிலில் வெளுத்து, எந்த நிறம் என்று சொல்ல இயலாததாய் மாறியிருந்தது. இருக்கைகளின் தையல் விட்டிருந்தது. ஆயினும் அதை ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பின் முன் கொணர்ந்து நிறுத்திய மாலையில், அம்மா சக்கரங்களின் கீழ் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்து, கற்பூரம் காட்டிய பின்னரே எங்களை ஏறவிட்டார்.

ஹெரால்டின் வரலாறும் இடம்பெயர்ந்தோரின் வரலாறே. இத்தாலியரான மிக்கெலோட்டி அதன் வடிவை வரைந்தார். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்னும் பெயரோடு வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்னும் பெயரோடு உருவாயிற்று. 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட சிறிய இயந்திரம். எங்கள் வண்டிக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு 1968இல்தான் வந்தது. எனவே பின்னிருக்கைக்குச் செல்ல முன்னிருக்கையை மடித்து, குனிந்து நுழைய வேண்டும். பாட்டியை ஏற்றுவதற்கு இருவர் வேண்டியிருந்தது. ஆனால் அதன் நயங்களும் பல. ஏறத்தாழ 25 அடி அகலத்துக்குள் முழு வட்டமடித்துத் திரும்பிவிடும். குறுகிய சந்துகளுக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். முன்பக்கச் சக்கர மறைப்புகள் உட்பட மூடி முழுவதும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழும். சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே இயந்திரத்தைச் செப்பனிடலாம்.

அப்படி அமர்ந்து செப்பனிட்டவர் கரோல்பாக்கில் தெருவோரம் பட்டறை வைத்திருந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர். பிரிவினையின்போது லாகூரிலிருந்து வந்தவர். அவருக்கு ஃபியட்டும் அம்பாசிடரும் நன்கு பழக்கம். ஹெரால்டு அரிதாகவே கண்ணில் படுவது. முதல் நாளே அதற்கு ‘மதராசி காடி’ என்று பெயரிட்டார். எங்களையும் தில்லி அப்படித்தானே அழைத்தது! பிழைப்புக்காகச் சென்னையிலிருந்து வடக்கே வந்து, மொழி தெரியாத கைகளில் வேலை செய்து நிலைபெற்றது என்னும் வகையில் அவ்வண்டி எங்கள் உறவினர்களுள் ஒன்றாயிற்று. நாடிழந்து வந்த அப்பெரியவருக்கும் அந்த உணர்வு விளங்கியிருக்க வேண்டும். கூலியில் அவர் எங்களிடம் ஒருநாளும் கடிந்து நின்றதில்லை.

காஷ்மீரி கேட்டில் கிடைக்காத பாகங்களைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடச் சொல்லி ஊருக்கு எழுதுவோம். கிராண்ட் டிரங்கு விரைவு வண்டியில் வரும் உறவினர்கள் அப்பளக் கட்டுக்கும் காப்பிப்பொடிக்கும் நடுவே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய இரும்புப் பொருள்களையும் கொணர்வார்கள். ஒருமுறை சித்தப்பா கொண்டுவந்த முறுக்கில் கிரீஸ் மணத்தது. நாங்கள் அதையும் மிச்சம் வைக்கவில்லை.

கார் எங்கள் பெயரில் பதிவாகியிருந்ததே தவிர, அது குடியிருப்புக்கே பொதுவாயிற்று. புதுதில்லி நிலையத்தில் யார் வந்திறங்கினாலும் அவர்களை அழைத்துவர ஹெரால்டு செல்லும். கிருத்திகைதோறும் மலைமந்திருக்கு முதியவர்களை ஏற்றிச் சென்று இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பும். தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக அமர்ந்து சென்றனர். பெட்ரோலுக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. ஆனால் மறுநாள் ஒரு வீட்டிலிருந்து இட்லி மாவு வரும், மற்றொரு வீட்டிலிருந்து கறிவேப்பிலை வரும்.

1979ஆம் ஆண்டு சனவரியில் ஓர் இரவு. மேல்தளத்தில் குடியிருந்த திருச்சிக்காரரின் மனைவிக்குப் பேறுகால வலி கண்டது. மூன்று மணியிருக்கும். பனிமூட்டத்தில் தெருமுனை டாக்சி நிறுத்தம் வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் பழைய பேட்டரியோ குளிரில் உயிரற்றிருந்தது. அதை மாற்றுவதை மாதம்தோறும் தள்ளிப்போட்ட பிழை எங்களுடையது. கதவு தட்டும் ஓசை கேட்டு எதிர் வீட்டு வங்காளி வந்தார். பக்கத்து வீட்டுச் சர்தார்ஜியும் அவர் மக்களும் வந்தனர். கம்பளி போர்த்திய அறுவர் தள்ள, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி இருமியபடி உயிர்பெற்றது. விடியலில் பெண் குழந்தை பிறந்தது. அவள் இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அவள் பிறந்த கதையைச் சொல்லும்போது அவ்வீட்டார் மருத்துவரைப் பற்றிச் சொல்வதைவிட, வண்டியைத் தள்ளியவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்வார்கள்.

1983 திசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன் பிறகு காத்திருப்பு படிப்படியாகக் கரையத் தொடங்கியது. 1987இல் நாங்களும் ஒரு மாருதியைப் பெற்றோம். ஹெரால்டைப் பஞ்சாபிப் பெரியவரே வாங்கிக்கொண்டார், தொழில் பழகும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்ல. புதிய காரின் இருக்கைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நாங்கள் நெடுநாள் கழற்றவில்லை. அதனுள் முறுக்குத் தின்னலாகாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையும் இட்டோம். சில மாதங்கள் கழித்து, மேல்தளத்து நண்பர் மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நிற்பதைக் கண்டோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “புது வண்டியாச்சே அண்ணா, அரிசி மூட்டையை ஏற்றினா கீறல் விழுமே” என்றார். அச்சொல்லில் குத்தல் இல்லை. உண்மையான அக்கறையே இருந்தது. அதனாலேயே அது எங்களை இன்றுவரை வருத்துகிறது. அவ்வுறையை அன்றிரவே கழற்றினோம். ஆயினும் பழைய உரிமையோடு கதவைத் தட்டுவோர் பின்னர் அருகியே போயினர்.

பெருங்களத்தூர் ஆலை 1988இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. ஃபியட்டின் வழிவந்த பத்மினியின் உற்பத்தி இருபதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி நின்றது. பம்பாயின் பத்மினி டாக்சிகள் 2023இல் விடைபெற்றன. அம்பாசிடரும் மாருதி 800உம் 2014இல் நின்றன. அதே 2014இல், பதினைந்து ஆண்டு கடந்த ஊர்திகள் தில்லிச் சாலைகளில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது; பெட்ரோல் கார்களுக்கு அவ்வரம்பை 2018இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. தலைநகரின் காற்றைச் சுவாசிப்போர் அதன் தேவையை மறுக்க இயலாது. ஆனால் எங்கள் ஹெரால்டு பத்தாவது வயதில் எங்களிடம் வந்து, இருபத்தோராவது வயதில் விடைபெற்றது. அக்கணக்கில் பார்த்தால், அந்தக் குளிர் இரவில் அது ஓட வேண்டிய காலம் இரண்டு ஆண்டுகளே மிஞ்சியிருந்தது.

இன்று நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. யாரும் யாருடைய வண்டியையும் தள்ள வேண்டியதில்லை. அது நல்லதே, காத்திருப்பின் துன்பம் மீண்டும் வரவேண்டா. ஆயினும் ஊரிலிருந்து எவரேனும் புதுதில்லி நிலையத்தில் வந்திறங்குகிறார்கள் என்று கேட்டால், கேட்கப்படாமலேயே சாவியை எடுத்துக்கொண்டு புறப்படும் வழக்கத்தையேனும் நம் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.