பக்கத்து மேசையைப் பார்க்கலாம்



நேற்று பேரன் தெர்மாகோலில் விமானம் செய்துகொண்டே, "தாத்தா, நிஜ விமானத்தை வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்றேன். உலகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்து பறந்திருக்கிறார்கள். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பிரான்சில் ஆன்றி மிஞே என்பவர் 1933ல் ஒரு குட்டி விமானம் செய்தார். பிரெஞ்சில் அதற்கு 'ஆகாயப் பேன்' என்று பெயர். ஆங்கிலேயர் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்றார்கள். 1934ல் செய்முறையைப் புத்தகமாகவும் எழுதினார். சாதாரணத் தச்சு வேலை தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டத் தொடங்கினார்கள்.

பிறகு விபத்துகள் வந்தன. மூக்குக் கவிழ்ந்த விமானம் நிமிரவே இல்லை. உயிர்கள் போயின. 1936ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் முழு விமானத்தையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதன் இரண்டு இறக்கைகளும் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி இருந்தன. ஓர் அளவுக்கு மேல் மூக்குக் கவிழ்ந்துவிட்டால், விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் நிமிர்த்த முடியாது என்று தெரிந்தது. குறை வடிவத்திலேயே இருந்தது. ஒரே புத்தகத்தை எல்லோரும் பார்த்துச் செய்தால் அதன் தவறும் எல்லோருக்கும் வந்துவிடும், இல்லையா?

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1953 ஜனவரி 26 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பால் பொபரெஸ்னி என்ற விமானி, வீட்டில் விமானம் கட்டும் ஆர்வலர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்'. இன்று ஆண்டுதோறும் அதே மாநிலத்தின் ஆஷ்காஷில் பெரிய விமானத் திருவிழா நடத்துவது இவர்கள்தான்.

எனக்குப் பிடித்தது அந்தத் திருவிழா அல்ல. அங்கே அனுபவமுள்ளவர்கள், கட்டிக்கொண்டிருப்பவரின் வீட்டுக்கே போய் வேலையைப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது. இறக்கையை மூடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். துணியோ தகடோ போர்த்திவிட்டால் உள்ளே பசை பிடிக்காத மூட்டு, சரியாக அடிபடாத ரிவெட் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கட்டியவர் அதை நூறு முறை பார்த்திருப்பார். பழகிய கண்ணுக்குக் குறை தெரியாது. புதுக் கண்ணுக்கு உடனே தெரியும். வடிவக் குறைக்குச் சோதனைக்கூடம் வேண்டும். கைவேலைக் குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

அமெரிக்கச் சட்டப்படி இப்படிப்பட்ட விமானத்தின் பெரும்பகுதியை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்பவர்களே கட்டியிருக்க வேண்டும். கல்வி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

பிள்ளைகளே, இயற்பியல் ஆய்வகத்தில் "பக்கத்து மேசையைப் பார்க்காதே" என்று உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! அடுத்தவன் விடையை எழுதுவது வேறு, நம் இணைப்பை அவனிடம் காட்டிச் சரிபார்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகவே தண்டித்துவிட்டேன். அது என் தவறு.

இன்று உங்களில் பலர் மேஸ்திரி, பொறியாளர், செவிலியர், ஆசிரியர். மூடுவதற்கு முன் உங்கள் வேலையை யாரிடம் காட்டுகிறீர்கள்? எழுதுங்கள், படிக்க ஆசை.