இரவல் கட்டளைகள்

கதை எழுதுகிறவன் ஒரே கதையை இரண்டு தடவை எழுதினால், அவனுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று வாசகர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறர் கதையை எடுத்துத் தன் கதைக்குள் வைத்துக்கொண்டாலோ தீர்ப்போடு நிற்காது. வசவும் சேர்ந்து வரும். ஆனால் இதே உலகத்தில், ஒருமுறை எழுதியதை ஆயிரம் முறை எடுத்தாளுவதும், அடுத்தவன் எழுதியதைக் கூசாமல் எடுத்துக்கொள்வதும் பெரிய சாமர்த்தியம் என்று கொண்டாடப்படுகிற எழுத்து ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்படும் கட்டளை எழுத்துதான் அது.

அந்த எழுத்தின் சரித்திரத்தைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே யந்திரத்தின் உள்ளே நடக்கும் மின்சார விவகாரங்களுக்குள் நான் போகப்போவதில்லை. எழுத்தாளன் என்ற முறையில் என்னைப் பிடித்து இழுத்தது வேறு ஒரு விஷயம். ஒருவன் எழுதியதை, அவனை முன்பின் பார்த்திராத இன்னொருவன், வேறு ஓர் ஊரில், வேறு ஒரு காரியத்துக்கு நம்பி எடுத்துக்கொள்கிறானே, அந்த நம்பிக்கை எங்கே பிறந்தது, எங்கே இடறி விழுந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

1949-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்ஸாக் என்ற கம்ப்யூட்டர் முதல் தடவையாக ஒரு கணக்கைச் செய்து காட்டியது. சுமார் 3,000 வால்வுகள் கொண்ட ராட்சச யந்திரம். அதற்கு இட வேண்டிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். யந்திரம் ஓடத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள், துளை போடும் அறைக்கும் யந்திர அறைக்கும் நடுவே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அவருக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. தம் மிச்ச ஆயுளில் ஒரு நல்ல பகுதி, தாம் எழுதியதில் தாமே தப்புக் கண்டுபிடிப்பதில்தான் கழியப்போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது! பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆரம்ப கால நாடா ஒன்று கிடைத்து, பின்னால் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 126 வரிகள், அவற்றில் சுமார் 20 பிழைகள். கெட்டிக்காரர்களின் கதியே இது.

இதற்குப் பரிகாரமாகத்தான் இரவல் பிறந்தது. எட்ஸாக்குக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது. வகுத்தல் வேண்டுமென்றால், மற்றக் கணக்குகளைக் கொண்டு அதைச் செய்விக்கும் கட்டளைத் தொடர் ஒன்றை எழுத வேண்டும். யந்திரத்தை நாடி வருகிற ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொருவரும் தனித்தனியே தப்புச் செய்வானேன்? ஒருவர் எழுதி, சோதித்து, சரி என்று முத்திரை குத்தி வைத்துவிட்டால் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாமே? வகுத்தலுக்கு ஒரு நாடா, வர்க்கமூலத்துக்கு ஒரு நாடா, சைனுக்கு ஒரு நாடா என்று இரும்பு அலமாரி ஒன்றில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்து, அதிலுள்ள துளைகளைத் தம் நாடாவில் யந்திரத்தைக் கொண்டே பிரதி செய்துகொண்டு, மூல நாடாவைத் திரும்ப வைத்துவிடுவார். 1951-ல் அந்த அலமாரியில் 87 தொடர்கள் இருந்தன. புத்தகசாலை என்றே அதற்குப் பெயர்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரவல் வாங்கிய தொடரை நம் கணக்கின் நடுவில் ஒரு தடவை மட்டுமா கூப்பிடுவோம்? பத்து இடங்களிலிருந்து கூப்பிடுவோம். வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? இதற்கு வழி கண்டுபிடித்தவர் டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர். அப்போது வயது 22. கடைக்கு அனுப்பும் பையன் கையில் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவது போல, கூப்பிடும்போதே திரும்பி வர வேண்டிய இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடச் செய்தார். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு யுக்தி இல்லாவிட்டால் அலமாரி வெறும் காட்சிப் பொருளாகத்தான் இருந்திருக்கும். வில்க்ஸும் வீலரும் ஸ்டான்லி கில் என்பவரும் சேர்ந்து 1951-ல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவும் எழுதினார்கள்.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1944 முதல் ஹார்வர்டில் ஒரு கணக்கு யந்திரத்தோடு மல்லுக்கு நின்றார்கள். அங்கே அலமாரி இல்லை. நோட்டுப் புத்தகங்கள்தாம் இருந்தன. ஒருவர் சரியாக எழுதிய தொடரை மற்றவர் தம் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வார். பார்த்து எழுதுவதில் மனிதன் எவ்வளவு மோசம் என்பது பரீட்சைத் தாள் திருத்துகிற எந்த உபாத்தியாயருக்கும் தெரியும். மூலம் சரியாக இருக்கும். பிரதி தப்பாக இருக்கும். அந்த வேலையையும் யந்திரத்திடமே தள்ளிவிடலாம் என்று அம்மையார் முடிவு செய்தார். தொடர்களுக்கு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் யந்திரமே அந்தத் தொடரைத் தேடி எடுத்து, உரிய இடத்தில் கோத்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராமை 1952 வாக்கில் செய்து முடித்தார்.

அந்த 1952-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் கம்ப்யூட்டர்காரர்களின் மகாநாடு ஒன்று நடந்தது. ஹாப்பர் அம்மையாரின் கட்டுரையும் வீலரின் கட்டுரையும் அந்த ஒரே மகாநாட்டில்தான் வந்தன. வீலருடையது இரண்டே பக்கம். இந்தச் சரித்திரத்தில் என் மனசில் ஆழப் பதிந்தது அந்த இரண்டு பக்கத்தில் உள்ள ஒரு விஷயம். தொடரை எழுதுவதும் அதைச் சோதிப்பதும் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்கிறார் வீலர். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒருவன்கூட அதைச் சுலபமாக உபயோகிக்கும்படி ஒரு விவரக் குறிப்பு எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை அதுவாகவே இருக்கலாம் என்கிறார்.

கட்டளை எழுதுவதைக் காட்டிலும் அதைப் பற்றி எழுதுவது கஷ்டமா? எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நம் வீடுகளில் சமையல் குறிப்பு எழுதி வாங்கிப் பார்த்தவர்களுக்கும் ஆச்சரியமாக இராது. 'உப்பு தேவையான அளவு' என்று பாட்டி எழுதிவிடுவாள். அவளுக்கு அது தெரியும். அவள் கைக்குத் தெரியும். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், வேறு தண்ணீரில், வேறு அரிசியில் சமைக்கிற பேத்திக்குத்தான் சங்கடம். எழுதியவளுக்கு மிகவும் சகஜமாகத் தெரிந்த சங்கதி எதுவோ, அதுதான் எழுதாமல் விட்டுப்போகும்.

1968 அக்டோபரில் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற மலையூரில் வல்லுநர்கள் சுமார் ஐம்பது பேர் கூடினார்கள். மென்பொருள்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, சொன்ன தேதியில் முடிவதில்லை, முடிந்தாலும் ஒழுங்காக ஓடுவதில்லை என்பது அன்றைய பெருங்கவலை. அங்கே பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் எழுந்து, யந்திரம் செய்கிறவர்களெல்லாம் தொழிற்சாலைக்காரர்களாகிவிட்டார்கள், நாமோ இன்னும் குடிசைத் தொழில் செய்துகொண்டிருக்கிறோம் என்ற பொருள்படப் பேசினார். விலைப் பட்டியலைப் பார்த்து இத்தனை அங்குலத் திருகாணி வேண்டும் என்று கேட்டு வாங்குவது போல, மென்பொருளின் பாகங்களையும் அளவு சொல்லி வாங்க முடிய வேண்டும் என்பது அவர் கனவு.

அவர் கனவு கண்டதோடு நிற்கவில்லை. தோட்டத்து ரப்பர்க் குழாயில் இன்னொரு துண்டுக் குழாயைத் திருகி நீட்டுவது போல, ஒரு புரோகிராமின் முனையில் இன்னொன்றை மாட்ட முடிய வேண்டும் என்று 1964-லேயே எழுதி வைத்திருந்தார். விடாமல் நச்சரித்தும் வந்தார். 1973-ல் அதே கூடத்தில் கென் தாம்ப்ஸன் என்பவர் யூனிக்ஸ் என்ற அமைப்பில் அதைச் செய்து கொடுத்துவிட்டார். இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு நெட்டுக் கோடு போட்டால் போதும். முதலாவது புரோகிராம் சொல்வதெல்லாம் இரண்டாவதன் காதில் போய் விழும். ஒன்று வரிசைப்படுத்தும், அடுத்தது எண்ணும், அதற்கடுத்தது பொறுக்கி எடுக்கும். ஒன்றை ஒன்று அறியாது. ஆனாலும் சேர்ந்து வேலை செய்யும்.

பாகங்களை இரவல் வாங்குவது ஒரு வகை. சட்டகத்தையே இரவல் வாங்குவது இன்னொரு வகை. கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேளத்துக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர் என்று நாமே அமர்த்தி, நாமே ஏவி நடத்துவது முதல் வகை. முழுக் கல்யாணத்தையும் கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டால், 'பெண்ணின் தகப்பனார் மணைக்கு வரலாம்' என்று அவர் கூப்பிடும்போது நாம் போய் உட்கார வேண்டியதுதான். இது இரண்டாவது வகை. பாகத்தை நாம் அழைக்கிறோம். சட்டகம் நம்மை அழைக்கிறது. நார்வே தேசத்தில் டாலும் நிகார்டும் 1967-ல் முடித்த சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழி இதற்கு வித்திட்டது. இன்னொரு நார்வேக்காரரான ரீன்ஸ்காக், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தபோது, 1979-ல் மூன்று அறைகள் கொண்ட ஒரு சட்டகத்தை வகுத்தார். விஷயம் ஓர் அறையில், அது திரையில் தோன்றும் தோற்றம் ஓர் அறையில், மனிதன் கை இடும் கட்டளை ஓர் அறையில். எண்ணற்ற மென்பொருள்கள் பிற்பாடு அந்த வீட்டின் சாயலிலேயே கட்டப்பட்டன.

நம்பிக்கை வளர்ந்த கதை இவ்வளவும். இனி அது விழுந்த கதை.

1996 ஜூன் 4-ந் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பியர்களின் புதிய ராக்கெட்டான ஏரியான் 5 முதல் தடவையாகக் கிளம்பியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கு நான்கு துணைக்கோள்களைச் சுமந்து சென்றது. சுமார் 40 விநாடி. அதற்குள் ராக்கெட் வழி தவறித் திரும்பி, உடைந்து, நடு வானத்தில் வெடித்துச் சிதறிவிட்டது.

ஜாக்-லூயி லியோன்ஸ் என்ற கணித மேதையின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஜூலை 19-ந் தேதி அறிக்கை வந்துவிட்டது. ராக்கெட்டின் திசையையும் நகர்வையும் அளந்து சொல்லும் கருவியில் இருந்த மென்பொருள், முந்திய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே அது குற்றம் குறை இல்லாமல் உழைத்த சரக்கு. அதில், ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் எண்ணை ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து சிறிய பாத்திரத்துக்கு மாற்றும் கட்டளை ஒன்று இருந்தது. சிறிய பாத்திரம் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏரியான் 4-ன் பாதையில் அந்த எண் அவ்வளவு உயரவே உயராது. ஏரியான் 5 வேறு பாதையில், மிகுந்த வேகத்தோடு போகிற ராக்கெட். பாத்திரம் வழிந்தது. கருவி திகைத்து நின்றுவிட்டது. அவசரத்துக்கு உதவ இன்னொரு கருவி வைத்திருந்தார்களே என்றால், அதிலும் இதே கட்டளைகள்! அது 0.072 விநாடி முன்பாகவே விழுந்துவிட்டிருந்தது. விழுந்த கருவி கடைசியாக அனுப்பிய பழுதுக் குறிப்பை, ராக்கெட்டின் பிரதானக் கம்ப்யூட்டர் பயணக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, இல்லாத தவறைத் திருத்துவதற்காக ராக்கெட்டைத் திருப்பிற்று.

இதில் வேதனையான அம்சங்கள் இரண்டு. வழிந்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்ட பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டின் சௌகரியத்துக்காக, கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடி ஓடும்படி வைத்திருந்தது, அப்படியே கூட வந்துவிட்டது. இரண்டாவது, இப்படி வழியக்கூடிய எண்கள் மொத்தம் ஏழு. கருவியின் வேலைப் பளுவைக் குறைப்பதற்காக நான்குக்கு மட்டும் காவல் போட்டு, மூன்றை விட்டுவிட்டார்கள். கவனக் குறைவால் அல்ல. இவை மூன்றும் எல்லை மீறாது என்று யோசித்துத்தான் விட்டார்கள். ஆனால் ஏன் விட்டார்கள் என்ற காரணம் கட்டளைகளின் பக்கத்தில் எழுதப்படவில்லை. குவிந்து கிடந்த ஆவணங்களுக்கு நடுவே, பிறர் கண்ணுக்குப் படாமல் அது மறைந்து போயிற்று என்று குழு சொல்லிற்று. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதிக்கவும் இல்லை.

கட்டளைகளில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது அவை குடியிருந்த வீடு. வீலர் 1952-ல் சொன்ன கஷ்டமான வேலைதான், 44 வருஷத்துக்குப் பிறகு, வானத்தில் வெடித்த வேலை.

இதனால் இரவலே ஆகாது என்று யாரும் முடிவு கட்டவில்லை, கட்டவும் முடியாது. எல்லாரும் எல்லாவற்றையும் தாமே எழுதத் தொடங்கினால், வில்க்ஸ் ஏறி இறங்கிய மாடிப்படியில் உலகமே ஏறி இறங்க வேண்டியிருக்கும். போன துணைக்கோள்களுக்குப் பதில் வேறு நான்கு செய்து, 2000-ல் ரஷ்ய ராக்கெட்டுகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஏரியான் 5-ம் தேறி எழுந்து, 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்து போய்ச் சேர்த்து, 2023-ல் கௌரவமாக ஓய்வு பெற்றது.

எழுதியவன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது என்பது எல்லா எழுத்துக்கும் உள்ள விதி. என் கதையை யாராவது வேறு விதமாகப் புரிந்துகொண்டால், ஒரு கடிதம் வரும், அவ்வளவோடு போயிற்று. கட்டளை எழுதுகிறவர்கள் நிலைமை அப்படி இல்லை. இந்தக் கணக்கு இன்ன ராக்கெட்டின், இன்ன பாதைக்கு மட்டுமே பொருந்தும் என்று அந்த மூன்று எண்களின் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், எடுத்து உபயோகித்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள்.