வாங்குவோர் உரிமையும் விற்போர் பொறுப்பும்

விலை கொடுத்து வாங்கிய பண்டம் மறு வாரமே பழுதுபடுமாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? வாங்கியவனது தலைவிதியே என்று நம்மவருள் பலர் இன்றும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் விதியால் வந்ததன்று. நம் மக்கள் பண்டம் வாங்கிய நிலைமையால் வந்தது.

பேராக்கில் பீடோரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறவிடங்களிலும் நம் முன்னோர் பால்மரம் வெட்டிப் பிழைத்த காலத்தில், அரிசியும் துணியும் பெரும்பாலும் கடனாகவே வந்தன. சில தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். வேலை வாங்குபவரும், கடன் கொடுப்பவரும், பண்டம் விற்பவரும் ஒருவரேயானால், புழுத்த அரிசியைத் திருப்பிக் கொடுக்கத் துணிபவர் யார்? கடனாளியின் வாய்க்குக் கடன் கணக்கே பூட்டாயிற்று.

கூலியை இன்ன இடத்தில், இன்னாரிடத்தில்தான் செலவிட வேண்டுமென்று முதலாளி விதிக்கும் நிபந்தனை செல்லாது என்று 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கூறிற்று. கடையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இவ்வாறு உறுதிப்பட்டது. ஆனால், வாங்கிய பண்டத்திற்கு உறுதி யாது?

மலாய் மாநிலங்களுக்கென 1957-இல் இயற்றப்பட்ட சரக்கு விற்பனைச் சட்டம், 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. 'வாங்குவோனே விழித்திரு' என்பதே அதன் பொது விதி. பண்டம் தக்க தரமுடையதாயிருக்க வேண்டுமென்று அது சில விலக்குகளை அளித்தது மெய்யே. ஆயினும், ஒப்பந்தத்தால் அவற்றை நீக்கிக்கொள்ளவும் இடங்கொடுத்தது. இதனால், ரசீதின் அடியில் அச்சிட்ட நான்கு வரிகளைப் படிக்கவியலாத ஏழையும் அவற்றுக்கு 'உடன்பட்டவன்' ஆனான்!

இந்நிலை மாறப் பலர் உழைத்தனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திற்கு நெடுங்காலம் தலைமை வகித்து 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களுள் முதன்மையானவர். ஐக்கிய நாடுகள் சபையும் 1985-இல் பயனீட்டாளர் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 1999-இல் மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் சாரம் இது: வீட்டு உபயோகப் பண்டம் ஏற்கத்தக்க தரமும், நியாயமான காலம் உழைக்கும் உறுதியும் உடையதாயிருக்க வேண்டும். இவ்வுறுதியைச் சட்டமே அளிக்கிறது. கம்பெனி தரும் உத்தரவாத அட்டை அதற்கு மேலதிகமேயன்றி அதற்கு எல்லையன்று. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் பலகை தொங்கினும், சட்டம் தந்த உரிமையை அப்பலகை பறிக்கவியலாது. பழுதுபார்த்தல், மாற்றுதல், பணத்தைத் திருப்புதல் ஆகிய பரிகாரங்களை, பழுதின் தன்மைக்கேற்ப விற்றவரிடமே கேட்கலாம்.

வழக்கு நடத்தப் பணம் ஏது என்பீர்களோ? 5 வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் அங்கு விசாரிக்கப்படும். பொதுவாக வழக்கறிஞர் அங்கு வாதிட இடமில்லை. ஆகவே வசதியுள்ள கம்பெனியும் தோட்டத் தொழிலாளியின் மகனும் ஒரே படியில் நிற்கின்றனர். முறையீட்டை மூன்றாண்டுகளுக்குள் செய்தல் வேண்டும்.

கங்காணிக் கடை போயிற்று. கடன் கணக்கு விதித்த மௌனம் மட்டும் நம்மவரிடம் இன்னும் தங்கியிருத்தல் நியாயமா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், குறையை எழுத்தில் தெரிவியுங்கள், பரிகாரம் மறுக்கப்பட்டால் முறையிடுங்கள். இது சண்டைக்காரர் செயலன்று. உழைத்த கூலிக்கு மதிப்பளிப்போர் செயலாகும்.