அன்பின் கணக்கு

உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1971இல் வெளியிட்ட முகபாவ ஆய்வில் ஆறு உணர்ச்சிகள் இருந்தன: மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு. அன்பு இல்லை. அந்த ஆறும் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைபவை. அன்போ நாள் முழுக்க நடக்கும் செயல்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை உழைப்பு என்றார். அதற்குச் சம்பளமாவது இருந்தது.

வீட்டுக்குள் இருக்கும் அன்பை, தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் ஆராய்ந்தார். 1990இல் வந்த அவரது நூல், அன்பின் குணங்களில் அடக்கம், பழக்கம், பணிவோடு கொடுமையையும் அடிமைத்தனத்தையும் சேர்த்தது.

எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவின் அன்பை இயல்பு என்கிறோம். அப்படிச் சொல்லும்வரை அந்த உழைப்பில் பங்கெடுக்க யாரும் வரமாட்டார்கள்.