'எங்கப்பன் குதிருக்குள் இல்லை': அந்தக் குதிர் எங்கே போச்சு? பழைய நெற்களஞ்சியங்களை ஏன் காப்பாத்தணும்?

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். ஆனா குதிரை நேரில் பார்த்தவங்க இப்போ எத்தனை பேர்? ஒரு ஆள் உள்ளே ஒளிஞ்சுக்கிற அளவுக்குப் பெரிய அந்த மண் கலன் ஒரு காலத்தில் விவசாயி வீடுகளில் சாதாரணமா இருந்த பொருள்.

குதிர் என்றால் என்ன?

களிமண்ணோடு வைக்கோல், உமி சேர்த்துக் குழைத்து, உறை உறையாகச் செய்து அடுக்கி எழுப்புவதுதான் குதிர். மேல்வாய் வழியாக நெல்லைக் கொட்டி, மூடி வைத்து, இடுக்கில் மண்ணும் சாணியும் பூசி அடைத்துவிடுவார்கள். தேவைப்படும்போது அடியில் உள்ள சின்னத் துளையைத் திறந்தால் நெல் தானாகச் சரிந்து வரும்.

வசதியான வீடுகளில் மரப்பலகையால் செய்த பத்தாயம் இருந்தது. விதைநெல்லை வைக்கோல் பிரியில் இறுகக் கட்டி 'கோட்டை'யாக வைக்கும் பழக்கமும் இருந்தது.

பூச்சி பிடிக்காதா?

முதல் விஷயம், காய்ச்சல். நல்லா காய்ந்த நெல்தான் உள்ளே போகும். ஈரப்பதம் சுமார் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நெல் நீண்ட நாள் தாங்கும் என்பது இன்றைய கணக்கு. நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார்கள் அன்றைய விவசாயிகள்.

இரண்டாவது, அடைப்பு. வாயை மண் பூசி மூடுவதால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போவது குறையும். கனமான மண் சுவர் வெயில் சூட்டையும் தடுக்கும். கூடவே வேப்பிலை, நொச்சி இலை போடுவார்கள்.

பெரிய களஞ்சியங்கள் எங்கே இருக்கு?

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் அருகே திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் கால நெற்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த செங்கல் கட்டடம். உயரம் சுமார் 35 அடி. கொள்ளளவு 3,000 கலம் என்கிறார்கள். ஒரு கலம் என்பது 12 மரக்கால். இது தமிழக தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளும் உருளை வடிவ நெற்களஞ்சியங்கள் இருக்கு. இந்தக் கோயிலில் நடந்த புனரமைப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

வீட்டுக் குதிர்கள் ஏன் காணாமப் போச்சு?

அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் வயலில் இருந்து நேரா கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ போயிடுது. கடன் அடைக்கணும், அடுத்த சாகுபடிக்குப் பணம் வேணும். அதனால் வீட்டில் இருப்பு வைக்கும் வழக்கம் குறைஞ்சது. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி, கடை அரிசி. பழைய வீட்டை இடிச்சு கான்கிரீட் வீடு கட்டும்போது குதிரையும் உடைச்சிடறாங்க. பத்தாயம் பழைய மரச்சாமான் கடைக்குப் போயிடுது.

இப்போ அதைக் காப்பாத்தி என்ன பயன்?

மழைக்காலத்தில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனையும் செய்தி வருஷா வருஷம் வருது. குதிரை வச்சு அதை முழுசா தீர்க்க முடியாது. விளைச்சலின் அளவு மாறிடுச்சு. ஆனா பாரம்பரிய நெல் ரகங்களைப் பயிரிட்டு, விதையைத் தாங்களே சேமிக்கிற விவசாயிகளுக்கு இந்தச் சின்ன அளவு முறைகள் இன்னும் உதவும். செய்யத் தெரிந்தவங்க பெரும்பாலும் வயசானவங்க. அவங்களோட அந்தக் கைவேலையும் போயிடும்.

பழைய களஞ்சியத்தை எப்படிப் பராமரிக்கலாம்?

* சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு சிமென்ட் பூசாதீங்க. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் செங்கல் அரிச்சுப் போகும். சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும்.
* சுவரில் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளைச் சின்னதா இருக்கும்போதே எடுத்துடுங்க. வேர் பெருத்தால் சுவர் பிளக்கும்.
* பத்தாயத்தைத் தரையில் ஒட்டி வைக்காமல் கல் மேல் தூக்கி வையுங்க. கரையான் வந்தால் சீக்கிரம் தெரியும்.
* மண் குதிருக்குத் தண்ணீர்தான் எதிரி. கூரை ஒழுகாமல் பார்த்துக்கோங்க. விரிசல் விட்டால் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசலாம்.
* இடிச்சே ஆகணும்னா அதுக்கு முன்னாடி அளவெடுத்து, போட்டோ எடுத்து வையுங்க. பாட்டி, தாத்தா இருந்தா எப்படிச் செஞ்சாங்க, எத்தனை மூட்டை பிடிக்கும்னு கேட்டு வீடியோவா பதிவு பண்ணுங்க.

பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்க தமிழகத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. ஆனா பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத்தான் அது காவல். உங்க வீட்டு மூலையில் இருக்கும் குதிரை வைப்பதும் உடைப்பதும் உங்க கையில்தான்.