தஞ்சை ரயில் நடைமேடைகளும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும்

ரயில் நிலைய நடைமேடையில் ஒருவர் விழுந்து இறந்தாலோ காயமடைந்தாலோ அதற்கு ரயில்வே பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்வி, காவிரிப் படுகையில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே இருந்துவருகிறது. தொடக்கத்தில் அது கம்பெனிக்கும் பயணிக்கும் இடையிலான வழக்காக இருந்தது. பின்னர் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான விவாதமாக மாறியது. இன்று இதற்குச் சட்டத்தில் விடை உண்டு. ஆனால் அந்த விடை, ஒருவர் நடைமேடையில் எந்த இடத்தில், எப்படி விழுந்தார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

கம்பெனிக் காலம்

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து பாதை போடத் தொடங்கி, 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894இல் திறக்கப்பட்டது. இதன் கதை வேறு. நிலம் வைத்திருந்தவர்களிடம் தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதைப் போட்டது. நெல் விளைவித்தவர்களின் வரிப்பணத்தில் வந்த பாதை என்பதால் மக்கள் அதை ஓரளவு தங்கள் சொத்தாகவே கருதியிருக்க வேண்டும். ஆனால் அதில் விபத்து நேர்ந்தால், மற்ற பாதைகளில் பயணம் செய்தவருக்கு இல்லாத எந்தத் தனி உரிமையும் அவர்களுக்கு இல்லை.

அக்காலத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இருந்த வழி 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் ஒன்றுதான். இங்கிலாந்தில் 1846இல் வந்த சட்டத்தைப் பின்பற்றி இயற்றப்பட்டது அது. இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடர அது இடம் கொடுத்தது. ஆனால் கம்பெனியின் தவறு, அலட்சியம் அல்லது கடமை மீறலால்தான் சாவு நேர்ந்தது என்று குடும்பம் மெய்ப்பிக்க வேண்டும். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டமும் இந்தச் சுமையை இறக்கி வைக்கவில்லை. பயணியின் குடும்பத்துக்கு ரயில்வேயின் பதிவேடுகளோ, ஊழியர்களின் சாட்சியமோ எளிதில் கிட்டாது. கடைமடைக் கிராமத்து ஏழைக் குடும்பம் ஒன்று இதை நடத்தி முடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

தென்னிந்திய ரயில்வே உருவான அதே 1874இல், லண்டனில் பிரபுக்கள் சபை நடைமேடை பற்றிய ஒரு முக்கிய வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பிரிட்ஜஸ் எதிர் வடக்கு லண்டன் ரயில்வே என்பது அதன் பெயர். ஹைபரி நிலையத்தில் ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையை எட்டாமல் சுரங்கப்பாதைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊழியர் நிலையத்தின் பெயரைக் கூவ, பயணி ஒருவர் நடைமேடை வந்துவிட்டது என்று நம்பி இருட்டில் இறங்கி விழுந்தார். பின்னர் இறந்துபோனார். இதில் கம்பெனியின் அலட்சியம் உண்டா என்பது நடுவர் குழு முடிவுசெய்ய வேண்டிய கேள்வி, அதை நீதிபதியே தள்ளிவிட முடியாது என்று சபை கூறியது. ரயிலைவிட நடைமேடை நீளம் குறைந்த சிறு நிலையங்களில் இறங்கிப் பழகியவர்களுக்கு இந்த வழக்கு புரியாமல் போகாது.

எல்லா நாடுகளிலும் நீதி இந்தப் பக்கமே சாயவில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் தவறாமல் கற்பிக்கப்படும் பால்ஸ்கிராஃப் வழக்கும் நடைமேடையில் நடந்ததுதான். ஓடும் ரயிலில் ஏற முயன்ற ஒருவரை ஊழியர்கள் தாங்கிப் பிடித்தபோது அவர் கையிலிருந்த வாணவேடிக்கைப் பொட்டலம் விழுந்து வெடித்தது. தள்ளி நின்ற பெண்மணி மீது எடை இயந்திரம் சரிந்தது. அவருக்கு நேரக்கூடிய ஆபத்தை ஊழியர்கள் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று கூறி, நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1928இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ரயில்வேயை விடுவித்தது.

1943 திருத்தம்: ரயிலுக்கு விபத்து நேர்ந்தால் மட்டும்

இந்தியாவில் முதல் மாற்றம் 1943இல் வந்தது. ரயில்வே சட்டத்தில் 82அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ரயில்கள் மோதினாலோ தடம் புரண்டாலோ, ரயில்வேயின் தவறு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றது அது. ஒருவருக்கு உச்சவரம்பு ரூ.10,000. பின்னாளில் இது உயர்த்தப்பட்டது. மறு ஆண்டே, 1944இல், தென்னிந்திய ரயில்வே அரசின் கைக்கு வந்தது. 1951இல் தெற்கு ரயில்வே அமைந்தது.

1956 நவம்பர் 23 அன்று, கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் அருகில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இப்பகுதி மக்களின் நினைவில் இன்றும் நிற்கும் விபத்து அது. 82அ பிரிவு இத்தகைய பேரிடர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ரயிலுக்கு விபத்து நேர வேண்டும். ரயில் பத்திரமாக இருந்து, பயணி மட்டும் படியிலிருந்து தவறி விழுந்தால் இந்தப் பிரிவு உதவாது. நாள்தோறும் ஒருவர் இருவராக நிகழும் சாவுகள் பழையபடி அலட்சியத்தை மெய்ப்பிக்க வேண்டிய வழக்குகளாகவே நீடித்தன. செய்தித்தாளில் ஒரு பத்தியோடு முடிந்துவிடும் சாவுகள் இவை.

124அ பிரிவும் நடைமேடையும்

பழைய சட்டத்துக்குப் பதிலாக 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் வந்தது. இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்க ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயமும் அதே ஆண்டு செயல்படத் தொடங்கியது. 1994 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ‘அசம்பாவிதச் சம்பவம்’ என்ற புதிய வகையையும் 124அ என்ற பிரிவையும் சேர்த்தது. ரயில்வே தவறு செய்ததா இல்லையா என்று பாராமலேயே இழப்பீடு தர வேண்டும் என்பது இதன் சாரம். தற்கொலை, தனக்குத்தானே விளைவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், குடிபோதையிலோ மனநலம் பிறழ்ந்த நிலையிலோ செய்த செயல், நோய் ஆகியவை மட்டும் விலக்கு.

இதில் நடைமேடைக்கு என்ன இடம் என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 123ஆம் பிரிவு அசம்பாவிதச் சம்பவத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பயங்கரவாதச் செயல், வன்முறைத் தாக்குதல், கொள்ளை, கலவரம், தீவைப்பு போன்றவை ஒரு பகுதி. இவை ரயிலிலோ, காத்திருப்புக் கூடத்திலோ, நடைமேடையிலோ, நிலைய வளாகத்தில் வேறெங்கோ நடந்தாலும் இழப்பீடு உண்டு. மற்றொரு பகுதி, பயணி ஒருவர் ரயிலிலிருந்து தற்செயலாக விழுவது. இங்கே நடைமேடை என்ற சொல் இல்லை.

பாபநாசம் நிலையத்தில் மூன்று பேர் விழுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர், மகளை வழியனுப்ப நடைமேடைச் சீட்டு எடுத்து வந்தவர். கொள்ளையன் தாக்கி விழுகிறார். சட்டத்தின் விளக்கக் குறிப்பு நடைமேடைச் சீட்டு வைத்திருப்பவரையும் பயணியாகக் கொள்வதால் அவருக்கு இழப்பீடு உண்டு. இரண்டாமவர் ரயிலில் ஏறும்போது கால் தவறி விழுகிறார். அவருக்கும் உண்டு, ஆனால் அதை நிலைநாட்ட உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மூன்றாமவர் மழைநீர் தேங்கிய நடைமேடையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். சட்டத்தின் சொற்களின்படி அவருக்கு 124அ பிரிவில் இடமில்லை. அவர் நுகர்வோர் ஆணையத்துக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ போய், 1855இல் கேட்கப்பட்ட அதே அலட்சியத்தை மெய்ப்பிக்க வேண்டும்.

ஏறும்போது விழுவது

இரண்டாமவரின் உரிமை கேரளத்து வழக்கொன்றில் உறுதியானது. 1998 மே மாதம் வர்க்கலா நிலையத்தில் ரயிலில் ஏற முயன்ற பெண் ஒருவர் விழுந்து இறந்தார். அவர் ரயிலுக்குள் இருந்து விழவில்லை, ஏறத்தான் முயன்றார், ஆகவே இது ‘ரயிலிலிருந்து விழுதல்’ ஆகாது என்பது ரயில்வேயின் வாதம். தீர்ப்பாயம் அதை ஏற்றது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2008இல், பிரபாகரன் விஜயகுமார் வழக்கில், பொதுமக்கள் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டத்துக்குக் குறுகிய பொருள் கொள்ளக் கூடாது என்று கூறியது. கார் வைத்திருக்க வசதியில்லாத கோடிக்கணக்கானோர் ரயிலையே நம்பியிருக்கிறார்கள் என்பதையும் அது கணக்கில் எடுத்தது.

அதன்பின் விவாதம் பயணியின் கவனக்குறைவு பக்கம் திரும்பியது. ஓடும் ரயிலில் தாவி ஏறுவது தனக்குத்தானே காயம் விளைவிப்பது இல்லையா? வரிப்பணத்தில் ஏன் இழப்பீடு? இந்தக் கேள்விகளை முழுக்கப் புறந்தள்ள முடியாது. உயர் நீதிமன்றங்களே மாறுபட்ட தீர்ப்புகளைத் தந்தன. 2010இல் ஜமீலா வழக்கில், கதவருகே கவனமின்றி நிற்பது குற்றச்செயல் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2018இல் ரீனா தேவி வழக்கு இதை மேலும் தெளிவாக்கியது. தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால்தான் அது தானே விளைவித்த காயம். வெறும் கவனக்குறைவு ஆகாது. உடலருகே பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்பதனாலேயே கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்றும் அது கூறியது. சட்டைப் பையிலிருந்த சிறு காகிதம் விபத்துக்குப் பின் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதே பேராசை. குடும்பம் உறுதிமொழிப் பத்திரம் வழியே அடிப்படை விவரங்களைச் சொன்னால், மறுப்பதற்கான பொறுப்பு ரயில்வேயைச் சேரும்.

இறப்புக்கான இழப்பீடு 1997 நவம்பரில் ரூ.2 லட்சத்திலிருந்து ரூ.4 லட்சமாகவும், 2017 ஜனவரி 1 முதல் ரூ.8 லட்சமாகவும் உயர்ந்தது.

படுகை நிலையங்களின் உயரம்

ஏறும்போது விழுவதற்குப் பயணியின் அவசரம் மட்டும் காரணமல்ல. அகலப் பாதையில் உயர்மட்ட நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நடுத்தர வகை 455 மில்லிமீட்டர். மூன்றாவது வகை தண்டவாள மட்டத்தை ஒட்டியே இருக்கும். பெட்டியின் தளமோ ஏறத்தாழ நான்கடிக்கு மேல். உயர்மட்ட மேடையிலேயே ஒரு படி ஏற வேண்டும். தாழ்ந்த மேடையில் கைப்பிடியைப் பற்றித் தொங்கித்தான் ஏற முடியும்.

மீட்டர் பாதைக் காலத்தின் தாழ்ந்த மேடைகள் படுகையெங்கும் இருந்தன. பாதை மாற்றம் ஒரே வீச்சில் நடக்கவில்லை. தஞ்சாவூர் – கும்பகோணம் – மயிலாடுதுறை 2000-களின் நடுவில், மயிலாடுதுறை – விழுப்புரம் 2010இல், திருவாரூர் – காரைக்குடி 2019இல் என்று நீண்டது. சிறு நிறுத்தங்களில் ஓரிரு நிமிடமே நிற்கும் ரயிலில், காய்கறிக் கூடையோடு ஒரு மூதாட்டி ஏறி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டால், ஓடும் ரயிலில் ஏறியவர் என்று அறிக்கையில் எழுதப்படுபவர் அவர்தான். கவனக்குறைவு யாருடையது என்று பாராத 124அ பிரிவின் பயன் இங்கேதான் தெரிகிறது.

இணையவழி முன்பதிவு செய்வோருக்காக 2016 செப்டம்பரில் 92 காசு கட்டணத்தில் தொடங்கிய பயணக் காப்பீடு, இந்தப் பாசஞ்சர் ரயில்களில் சாதாரணச் சீட்டு எடுப்பவரை எட்டுவதில்லை. அவருக்கு இருப்பது 124அ மட்டுமே.

நெரிசலும் கருணைத் தொகையும்

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குச் செல்லக் கூடிய கூட்டத்தில் சிக்கிப் புதுதில்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்தனர். இறந்தோர் குடும்பத்துக்கு ரயில்வே ரூ.10 லட்சம் அறிவித்தது. தொகை சட்டப்படியான ரூ.8 லட்சத்தைவிட அதிகம். ஆனால் அது கருணைத் தொகை. அரசு விரும்பித் தருவது. தராவிட்டால் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாதது. 123ஆம் பிரிவின் பட்டியலில் கலவரம் இருக்கிறது, நெரிசல் இல்லை.

இது தில்லிக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. மகாமகத்துக்குக் கும்பகோணத்திலும், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணியிலும், கந்தூரிக்கு நாகூரிலும் நடைமேடைகள் நிரம்பி வழிகின்றன. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. நெரிசலைச் சட்டத்தில் சேர்த்தால் கோரிக்கைகள் பெருகும் என்பது ரயில்வே தரப்பில் சொல்லக்கூடிய நியாயம்தான். ஆனால் பொறுப்பு எழுத்தில் இருந்தால்தான் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் செலவு வீண்செலவாகத் தோன்றாது.

கோரும் முறை

விபத்து நடந்த ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தைத் தீர்ப்பாயம் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டவர் அணுக வேண்டியது சென்னை அமர்வை. அதன் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இருப்புப்பாதைக் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, உடற்கூறாய்வுச் சான்று, நிலைய அதிகாரி காவல்துறைக்கு அனுப்பிய குறிப்பு ஆகியவை முதன்மை ஆவணங்கள். ரயில்வே நிர்வாகம் 2003ஆம் ஆண்டின் விதிகளின்படி தனியே ஓர் அறிக்கை தயாரிக்கிறது. ஏறும்போது விழுந்தாரா, தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டாரா என்ற வேறுபாட்டில்தான் பெரும்பாலான வழக்குகளின் முடிவு தங்கியிருக்கிறது. தண்டவாளத்தைக் கடந்தவர் 147ஆம் பிரிவின்படி அத்துமீறியவர் ஆகிவிடுவார். ஆகவே நிலைய அதிகாரியின் முதல் குறிப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் குடும்பத்தினர் அன்றே கேட்டு, படி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.